குபேர லிங்கத்தில் இருபத்து நான்கு

அத்தியாயம் 19

தமிழ்செல்விக்கு விடியற்காலை நாலே முக்காலுக்கே விழிப்பு வந்துவிட்டது. அலாரம் ஐந்து மணிக்கு. அலாரத்தை முந்திவிட்ட சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. பின்வாசலில் ஏற்கெனவே விளக்கு எரிந்தது. ஆர்த்தி எழுந்து, குளித்து, தலையில் சுற்றிய துண்டோடு படித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை நாள் செல்விக்கு எரிச்சலோடு தொடங்க அது போதுமானதாக இருந்தது.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள் ஒரே நாளில் ஒரே பரீட்சை எழுதினால் அந்த வீடு என்ன பாடுபடும் என்பதைச் சில வாரங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மூத்தவள் செல்விக்கு குரூப் ஃபோர் இது மூன்றாவது தடவை. போன தடவை ஒரே ஒரு கேள்வியில் வேலை கைநழுவிப் போனது. அந்தக் கேள்வி எது என்று புருஷன் ராஜமாணிக்கத்திடம்கூட அவள் சொன்னதில்லை. தப்பாக எழுதிவைத்துக்கொண்டு தப்பாகவே மனப்பாடம் செய்தேன் என்று எந்த வாயால் சொல்வது? "ஒரு கேள்விங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இளையவள் ஆர்த்தி கீழ்பென்னாத்தூரிலிருந்து இந்த அடி அண்ணாமலை வீட்டுக்கு வந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. படிக்க உட்கார்ந்து நாலு மாதம். உட்கார்ந்த அன்றைக்கே, "அக்கா, உங்க நோட்டெல்லாம் குடுங்களேன்" என்று உரிமையோடு கேட்டாள். செல்வி பரணில் ஏறிப் பழைய நோட்டுகள் ஏழையும் தூசி தட்டிக் கொடுத்தாள். போன தடவை தோற்ற பிறகு திருத்தி எழுதிய புது நோட்டுகள் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தன. அவற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை. மனசாட்சி கொஞ்சம் முணுமுணுத்தது. பழசும் நோட்டுதானே என்று அதன் வாயை அடைத்துவிட்டாள்.

ஒரே வாரத்தில் ஏழு நோட்டும் திரும்பி வந்துவிட்டன. பார்த்துவிட்டேன் என்று ஆர்த்தி சொன்னாள். ஏழு வருஷத்து எழுத்தை ஏழு நாளில் பார்த்தாளாம். அதன் பிறகு அவள் கையில் போன்தான். அதிலிருக்கும் ஏஐயோடு பேசிப் பேசிப் படித்தாள். எதை மறந்துபோகிறாளோ அதைச் சொன்னால், மறக்கவே முடியாதபடி ஒரு கதை கட்டிக் கொடுத்துவிடும் அது. வைட்டமின்களை மளிகைக் கடை அலமாரியில் அடுக்கிக் கொடுத்தது. ஆறுகளை மாமியார் தனத்தின் புடவைக் கொசுவத்தில் மடிப்பு மடிப்பாக ஓடவிட்டது. மாமியாருக்கு அதில் பெருமை வேறு. தன் புடவையில் காவிரி ஓடுவதாகப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

செல்வியின் படிப்பில் கதையெல்லாம் கிடையாது. எழுதுவது, திரும்ப எழுதுவது, அரிசி களையும்போதும் துணி அலசும்போதும் சொல்லிப் பார்ப்பது. அப்படித்தான் அவள் பத்தாவதிலிருந்து படித்திருக்கிறாள். அதை யாரும் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னதில்லை.

எழுந்து அடுப்பைப் பற்றவைத்து இட்லிப் பானையை ஏற்றினாள். சமையலறை ஜன்னல் வழியாகப் பின்வாசல் தெரிந்தது. ஆர்த்தி துவைக்கிற கல்லை வலம் வந்துகொண்டிருந்தாள். நாலு அடி நடப்பாள், நிற்பாள், கண்ணை மூடுவாள், உதடு அசையும், மறுபடி நாலு அடி. கல்தான் மலை. அதைச் சுற்றி எட்டு இடத்தில் எட்டு லிங்கம். அரசியலமைப்புச் சட்டத்தில் அவளுக்கு எட்டுப் பிரிவுகள் குழம்பிக்கொண்டே இருந்தனவாம். கிரிவலப் பாதையில் இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் எட்டு இருக்கிறதே, லிங்கத்துக்கு ஒன்றாகக் கொண்டுபோய் வை என்று ஏஐயிடம் கேட்டாள். அதுவும் வைத்துக் கொடுத்துவிட்டது. கல்லைச் சுற்றினால் சட்டம் வந்துவிடுகிறது.

செல்வி பிறந்ததே இந்தப் பாதை ஓரத்தில்தான். முப்பத்தைந்து வருஷமாக அந்த லிங்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்ற கேள்விதான் இட்லி மாவை ஊற்றும்போதெல்லாம் அவளைப் பிடுங்கியது.

மாமியார் எழுந்து வந்தாள். நேராகப் பால் பாத்திரத்தை எடுத்து, பூஸ்ட் கலந்து, ஆற்றி, பின்வாசலுக்குக் கொண்டுபோனாள். இரண்டு பரீட்சை எழுதியிருக்கிறாள் செல்வி. இரண்டு காலையிலும் அவளேதான் காபி போட்டுக் குடித்துவிட்டுப் போனாள்.

"சாமி சுத்தற மாதிரியே படிக்குது பாரு சின்னது" என்றாள் தனம், திரும்பி வந்து. "உனக்கும் கலக்கட்டுமாடி?"

வேண்டாம் அத்தை என்றாள் செல்வி. கேட்டது இரண்டாவதாகத்தானே. இரண்டாவதாகக் கிடைக்கும் பூஸ்ட் அவளுக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி அன்றும் இதேதான் நடந்தது. வீட்டின் முன்பக்கத்திலிருக்கும் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். பெரியவளுக்குக் கை வேகம், சின்னது உள்ளே உட்கார்ந்து படிக்கட்டும் என்று தனம் தீர்ப்பு சொல்லிவிட்டாள். ராஜமாணிக்கமும் வாயைத் திறக்கவில்லை. மாலை முழுக்கத் தண்ணீர் பாட்டிலும் கற்பூரமும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து செல்விக்குத் தோள் கழன்றது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்று ஆர்த்தியின் சிரிப்பு. இன்னொன்று ஓவியாவினுடையது.

ஓவியா செல்வியின் ஒரே மகள், எட்டாவது படிக்கிறாள். சித்தி வந்த பிறகு அம்மாவிடம் பாடம் கேட்பது நின்றுபோனது. "சித்திகிட்ட கேட்டுக்கறேம்மா" என்பாள், அம்மாவுக்கு உதவி செய்கிற நினைப்பில். போன மாதம் அறிவியலில் இருபத்தைந்துக்கு இருபத்து நாலு வாங்கினாள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது செல்விக்குப் பேனா சரியாகவே ஓடவில்லை.

அன்று கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் கதவருகே கற்பூர டப்பா எடுக்கப் போனபோதுதான் அது காதில் விழுந்தது. "அம்மா அப்படியேதான் திட்டுவாங்க சித்தி" என்றாள் ஓவியா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஷயம் இதுதான். எட்டு லிங்கத்துக் கதையிலும் செல்வியைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள் ஆர்த்தி. ஒவ்வொரு லிங்கத்திலும் செல்வி யாரையாவது திட்டுகிறாள்.

பெற்ற மகள், வந்து ஒரு வருஷம் ஆகாதவளோடு சேர்ந்துகொண்டு, ஒரு மிஷினிடம் எழுதி வாங்கிய கதையில் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். செல்வி கற்பூர டப்பாவை எடுத்துக்கொண்டு கடைக்கே திரும்பிவிட்டாள். யாரிடமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததால் அது உள்ளேயே கிடந்து புளித்தது.

*

ஏழரைக்கு வேன் கிளம்பியது. ஆர்த்தியின் புருஷன் முருகவேல்தான் ஓட்டினான். செங்கம் ரோடில் ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வண்டி ஓட்டுகிறவன். ஒன்பது மணிக்கு அங்கே ஒரு சவாரி, முடித்துவிட்டுப் பரீட்சை விடும் நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓவியாவும் தொற்றிக்கொண்டாள். பையும் போனும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, யாராவது வெளியே வைத்துக்கொள்ள வேண்டுமே.

பௌர்ணமிக் குப்பையை இன்னும் முழுதாக வாரி முடிக்கவில்லை. பாதை ஓரத்தில் பிளாஸ்டிக் டம்ளர்கள் குவிந்து கிடந்தன. சாதுக்கள் காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆர்த்தி செல்வியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கையில் ஹால் டிக்கெட், நெற்றியில் விபூதி. கண் சிவந்திருந்தது. முதல் தடவை எழுதுகிறவளின் பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவை நான் சொல்றேன், கேளுங்க. தப்பு இருந்தா சொல்லிடுங்க. நீங்க சரின்னு சொல்லிட்டா எனக்கு பயம் போயிடும்."

செல்வி தலையாட்டினாள்.

ஆர்த்தி கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் பாதையில் நடக்க ஆரம்பித்தாள். இந்திர லிங்கத்தில் எல்லாரும் ஒரே வரிசை. குறுக்கே நுழைந்த ஒரு பெரிய மனிதரைச் செல்வி பின்னால் போய் நிற்கச் சொல்கிறாள். பிரிவு பதினான்கு, சமத்துவம். அக்னி லிங்கத்தில் டீக்கடைக்காரன் தனி டம்ளர் வைத்திருக்கிறான். செல்வி அதைப் பிடுங்கித் தீயில் போடுகிறாள். பதினேழு, தீண்டாமை ஒழிப்பு. எம லிங்கத்தில் பட்டம் போட்டுக்கொண்ட ஒருவருக்கு வசவு. நிருதி லிங்கத்தில் மைக்கைப் பிடுங்கியவனுக்கு வசவு. வருண லிங்கத்தில் குளத்தில் விழுந்தவனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு வசவு. பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தொன்று. எண்கள் ஒன்றுகூடத் தடுமாறாமல் வந்தன.

வேன் நிஜமான வாயு லிங்கத்தைத் தாண்டியது. ஆர்த்தியும் சரியாக அங்கே வந்திருந்தாள்.

வாயு லிங்கத்தில் ஒரு பலூன் கம்பெனி. ஒரு சின்னக் குழந்தை கன்னம் உப்ப பலூன் ஊதிக்கொண்டிருக்கிறது. செல்வி உள்ளே போய்க் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். பிரிவு இருபத்து மூன்று, குழந்தைத் தொழிலாளர் தடை.

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குபேர லிங்கத்தில் ஒரு பணக்காரர். சில்லறைக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஆளைச் சங்கிலியில் கட்டிவைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்குகிறார். செல்வி அவரைப் பிடித்து உலுக்குகிறாள். பிரிவு இருபத்து நான்கு, கொத்தடிமைத் தடை.

இரண்டும் மாறியிருந்தன. கொத்தடிமைத் தடைதான் இருபத்து மூன்று. குழந்தைத் தொழிலாளர் தடை இருபத்து நான்கு. போன தடவை செல்வியைக் கவிழ்த்த கேள்வியே இதுதான். விடைப் பட்டியல் வந்த அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளே, அந்தக் கேள்வி. சாகும் வரைக்கும் அவளுக்கு அது மறக்காது.

தான் விழுந்த அதே குழியில் இந்தப் பெரிய ஏஐயும் விழுந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகுதான் அது என்ன என்று உறைத்தது. ஒரு கேள்வி, ஒன்றரை மார்க். அந்த ஒன்றரை மார்க்கின் எடை இந்த வண்டியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஈசான்ய லிங்கத்தில் முப்பத்திரண்டைச் சொல்லி முடித்து ஆர்த்தி கண்ணைத் திறந்தாள்.

"சரியாக்கா?"

சொல்லிவிடத்தான் செல்வி வாயைத் திறந்தாள். அது சத்தியம். நாக்கின் நுனியில் இருபத்து நாலு வந்து நின்றது.

பின் சீட்டிலிருந்து ஓவியா எக்கி, இடுப்பில் கை வைத்து, அம்மாவின் குரலிலேயே, "யோவ், கூலிய எடுத்து வெய்யா மொதல்ல" என்றாள். முருகவேல் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "அண்ணி அப்படியே கீறாங்க" என்றான். ஆர்த்தியும் சிரித்துவிட்டு, சிரிக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

செல்வியின் வாய் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது வேறு வார்த்தை வந்தது.

"சரிதான்" என்றாள்.

ஆர்த்தி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். அந்த மூச்சு செல்வியின் கையில் பட்டது.

*

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் கூட்டம் தள்ளிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்கள், மாமனாரோடு வந்தவர்கள், கடைசி நிமிஷத்தில் நோட்டைப் புரட்டுகிறவர்கள். எதிரில் முன்னி பேகத்தின் தையல் கடை. செல்வி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் இடம்தான். ஓவியாவை அங்கே உட்காரவைத்து, இரண்டு பேரின் பையையும் போனையும் அவளிடம் கொடுத்தார்கள்.

செல்வியின் பேனா வீட்டிலேயே தங்கிவிட்டது அப்போதுதான் தெரிந்தது. கறுப்புப் பேனா இல்லாமல் விடைத்தாளை நிரப்ப முடியாது. ஆர்த்தி கேட்காமலே இரண்டு பேனாவை எடுத்து நீட்டினாள். அக்கா மறந்துவிடுவார்கள் என்று நேற்றே சேர்த்து வாங்கிவைத்தாளாம். மறந்துவிடுவார்கள் என்றாளே, அந்த ஒரு வார்த்தையைச் செல்வி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கோபப்பட ஏதாவது ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்தப் பேனாவைக் கையில் வாங்கவே முடிந்திருக்காது.

ஆர்த்திக்குக் கீழே மூன்றாவது அறை. செல்விக்கு மாடி. படிக்கட்டு வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள். இப்போதாவது சொல்லலாம் என்று ஒரு மனம் சொன்னது. இப்போது சொன்னால் பிள்ளை குழம்பிப்போய் மற்றதையும் கோட்டைவிடும் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனம் பேசியது ஆர்த்தியின் நல்லதுக்காக இல்லை என்பது செல்விக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனாலும் அதன் பேச்சைத்தான் கேட்டாள்.

"நல்லா எழுது" என்றாள்.

"நீங்களும்க்கா."

ஒன்பதரைக்குக் கேள்வித்தாள் வந்தது. செல்விக்கு எல்லாம் பழகிய ரோடு. தமிழ் முதலில், கணக்கு கடைசியில். கை வேகமாக ஓடியது. நூற்றுப் பன்னிரண்டாவது கேள்விக்கு வந்தபோது மின்விசிறிச் சத்தம்கூட நின்றுவிட்டாற்போல் இருந்தது.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்யும் பிரிவு எது? இருபத்தொன்று, இருபத்து மூன்று, இருபத்து நான்கு, முப்பத்திரண்டு. ஐந்தாவதாக வழக்கம்போல, விடை தெரியவில்லை.

வந்துவிட்டது. போன தடவை அவளைத் தள்ளிவிட்ட அதே கேள்வி, இந்தத் தடவை அவளைத் தூக்கிவிட வந்திருக்கிறது. கீழே மூன்றாவது அறையில் ஒருத்தி இந்த நிமிஷமோ இன்னும் பத்து நிமிஷத்திலோ இருபத்து மூன்றைக் கறுப்பாக்கப்போகிறாள். தான் முந்தியாயிற்று. மாமியார் கலந்த பூஸ்ட், ஓவியாவின் இருபத்து நாலு மார்க், வேனில் எழுந்த சிரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கேள்வி. இனிப்பாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

மூன்றாவது வட்டத்தில் பேனாவை வைத்தாள். அப்போதுதான் ஒன்று நடந்தது. நினைவுக்கு வந்தது அவள் நோட்டு இல்லை. பலூன் ஊதுகிற குழந்தை வந்தது. வாயு லிங்கம் வந்தது. அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவருகிற செல்வி வந்தாள். ஒரே ஒரு தடவை வண்டியில் கேட்ட கதை, ஏழு வருஷத்து எழுத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. அதை விலக்கிவிட்டு இருபத்து நான்கைப் பிடிக்க அவள் சிரமப்பட வேண்டியிருந்தது.

வட்டத்தைக் கறுப்பாக்கினாள். அந்தச் செல்வி குழந்தையைத் திட்டவே இல்லை என்பது அதன் பிறகுதான் தோன்றியது. குறுக்கே புகுந்தவனை, தனி டம்ளர் வைத்தவனை, வேடிக்கை பார்த்தவனைத்தான் திட்டினாள். எட்டு லிங்கத்திலும் நியாயம் கேட்கிற இடத்தில்தான் அவளை நிறுத்தியிருந்தாள் ஆர்த்தி.

மீதி எண்பத்தெட்டுக் கேள்விகளையும் செல்வி எழுதி முடித்தாள். எப்படி எழுதினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

*

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. செல்வி கீழே இறங்கி வருவதற்குள் ஆர்த்தி தையல் கடை வாசலில் ஓவியாவோடு நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் காலையில் இருந்த பயத்தின் சுவடே இல்லை. ஓடி வந்து செல்வியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நம்ம வாயு லிங்கம் வந்துச்சு பாத்தீங்களா? நூத்திப் பன்னெண்டு. கண்ணை மூடிக்கினு போட்டேன்."

செல்வியின் கை அவள் பிடியில் இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்க்கா. அந்த ஏஐ இருக்கே, அது அன்னிக்கு ரெண்டு தடவை எங்கிட்ட மல்லுக்கு நின்னுச்சு. நீங்க அனுப்பின நோட்டுல இருபத்து மூணும் இருபத்து நாலும் மாறியிருக்குற மாதிரி தெரியுது, சரி பாத்துக்கோங்கன்னு. நான் விடல. எங்க அக்கா எழுதினது, அவங்க தப்பா எழுத மாட்டாங்க, அப்படியே வெச்சிக் குடுன்னுட்டேன்."

வெயில் சுள்ளென்று அடித்தது. கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

"என் நோட்டா?" என்றாள் செல்வி.

"பின்ன? ஏழு நோட்டையும் பக்கம் பக்கமா போட்டோ புடிச்சி வெச்சிருக்கேனே. எல்லாக் கதையும் அதுலேந்து கட்டினதுதான். வேற எதையும் நான் படிக்கவே இல்லக்கா."

பரணிலிருந்து தூசி தட்டிக் கொடுத்த நோட்டு. மூன்றாவது நோட்டின் நடுப்பக்கம். அவசரத்தில் மாற்றி எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்ட இரண்டு வரி. செல்விக்கு அந்தப் பக்கம் அப்படியே கண்ணில் தெரிந்தது. ஏஐ எந்தக் குழியிலும் விழவில்லை. குழி அவள் தோண்டியது. அது விழாமல் தடுக்கப் பார்த்திருக்கிறது. ஆர்த்தி அதைத் தள்ளிவிட்டு அக்காவை நம்பி இறங்கியிருக்கிறாள்.

ஓவியா போனை எடுத்துக்கொண்டே, நூற்றுப் பன்னிரண்டை இப்போதே பார்த்துவிடலாமா சித்தி என்று கேட்டாள். அவள் விரல் எழுத்துகளைத் தட்டத் தொடங்கியது.

"பாக்க வேணாம்" என்றாள் செல்வி. "அது இருபத்து நாலு ஆர்த்தி. நோட்டுலதான் தப்பு. போன தடவ எனக்குப் போன கேள்வி அதான்."

ஆர்த்தியின் சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது. பரவாயில்லை அக்கா, காலையில் சரியென்று சொன்ன நீங்களும் தப்பாகத்தானே போட்டிருப்பீர்கள், ஒரு கேள்விதானே என்று அவளே சமாதானம் சொல்ல வந்தாள். அந்தச் சமாதானத்தை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு கணம் செல்வி அந்தப் பக்கம் சாய்ந்தும் பார்த்தாள்.

"நான் சரியாத்தான் போட்டேன்" என்றாள். "தோத்தப்புறம் திருத்தி எழுதின நோட்டு பீரோல இருக்கு. உனக்குப் பழசைத்தான் குடுத்தேன். காலையில நீ வண்டியில சொன்னப்பவே தப்புன்னு தெரியும்."

"சரிதான்னு சொன்னீங்களேக்கா."

"சொன்னேன்."

"ஏன்?"

நூறு காரணம் இருந்தது. பூஸ்ட், பௌர்ணமி, கற்பூர டப்பா, கதவருகே கேட்ட சிரிப்பு. எல்லாம் காலையில் பெரிதாகத்தான் இருந்தன. இப்போது வாய்க்கு எடுத்துக்கொண்டு வரப் பார்த்தால் ஒன்றுகூடச் சொல்லும்படி இல்லை.

"பொறாமை" என்றாள் செல்வி. "வேற ஒண்ணும் இல்ல ஆர்த்தி."

ஆர்த்தி பிடித்திருந்த கைகளை விட்டாள். உதறவில்லை, விட்டாள் அவ்வளவுதான். ஓவியா அம்மாவைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள். போனை மெல்லச் சித்தியிடம் நீட்டினாள்.

முருகவேலின் வேன் வந்து நின்றது. வீட்டில் அம்மா இரண்டு மருமகளுக்கும் சேர்த்துப் பாயசம் வைத்திருப்பதாகவும், அண்ணன் கடையைச் சாத்திவிட்டுக் காத்திருப்பதாகவும் சொன்னான். ரெண்டு பேரும் எப்படி எழுதினீங்க என்று கேட்டான்.

செல்வி தரையைப் பார்த்தாள். பதில் சொன்னது ஆர்த்திதான்.

"அக்கா நல்லா எழுதியிருக்காங்க" என்றாள்.

சொல்லிவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். காலையில் உட்கார்ந்த இடம் செல்வியின் பக்கத்தில் காலியாக இருந்தது. ஓவியாவும் அங்கே வரவில்லை, பின் சீட்டிலேயே ஜன்னல் ஓரமாகப் போய் ஒண்டிக்கொண்டாள்.

வேன் வந்த வழியே திரும்பியது. ஈசான்ய லிங்கம் போயிற்று. குபேர லிங்கம் வந்தபோது செல்வி முன்னால் பார்த்தாள். ஆர்த்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மடியில் போன் விரிந்திருந்தது. குனிந்து, நிறுத்தாமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து விரல்கள் ஓடுவது மட்டும் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. செல்வியிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அவள் அந்த ஏஐயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.